மோடாஃபினில் மாத்திரை: தொடங்கும் முன்பிருந்து நிறுத்தும் நாள் வரை, தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனில் மருந்துக் கடை கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் நான். மோடாஃபினில், தூக்கக்கலக்கத்தைக் குறைத்து விழித்திருக்க உதவும் மாத்திரை. அதற்கான டாக்டர் சீட்டோடு வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை மணி நேரம் தாங்கும்?" என்பதுதான். "நான் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு இது ஒத்துப்போகுமா?" என்று கேட்பவர்கள் குறைவு. ஆபத்து பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விக்குள்தான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் மாத்திரையின் பலத்தைப் பற்றிக் கொஞ்சமாகவும், அதை எடுப்பவர் கவனிக்க வேண்டியதைப் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

யாருக்காக எழுதுகிறேன் என்றால், மாலை ஏழு முதல் காலை ஏழு வரை வார்டில் நிற்கும் நர்ஸுக்கு, ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும் தொழிற்சாலை, துறைமுகத் தொழிலாளிக்கு, ஜோகன்னஸ்பர்க்கில் உட்கார்ந்து அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கும் நம் ஊர் ஐடி பிள்ளைகளுக்கு. அப்புறம் நார்கோலெப்ஸி என்ற நோய் இருப்பவர்களுக்கு. பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் வந்து அமுக்கும் இந்த நோயைச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டு வாங்கியே பலர் வருடக்கணக்கில் கழித்திருப்பார்கள்.

இது என்ன மருந்து

மோடாஃபினில் பிரான்சில் லாஃபோன் என்ற நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1970-களில் உருவானது. அங்கே 1994-இல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 1998 டிசம்பரில் நார்கோலெப்ஸிக்காக, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது. 2004-இல், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவுக்குச் சிகிச்சை எடுத்தும் பகல் தூக்கம் தீராதவர்களுக்கும், ஷிஃப்ட் வேலையால் தூக்கம் கெட்டவர்களுக்கும் அந்த அனுமதி விரிந்தது. ஐரோப்பாவில் நேர்மாறாக நடந்தது. பக்கவிளைவுகளை அலசிப் பார்த்த ஐரோப்பிய மருந்து முகமை 2010-இல் நார்கோலெப்ஸி தவிர மற்ற எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடப் பரிந்துரைத்தது. ஒரே மருந்துக்கு இரண்டு கண்டங்களில் இரண்டு தீர்ப்பு. ஷிஃப்ட் வேலைக்காக இதை எடுப்பவர்கள் இந்தக் கருத்து வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

புரோவிஜில் என்பது இதன் பிராண்டுப் பெயர். ஆர்மோடாஃபினில் இதற்கு நெருங்கிய உறவு. அதன் அளவு வேறு என்றாலும் எச்சரிக்கைகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

மருந்து என்ன செய்யும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஷிஃப்ட் வேலையால் தூக்கக் கோளாறு வந்த 209 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளியானது. இரவு வேலை நேரத்தில் அவர்களைப் படுக்க வைத்தால் சராசரியாக 2.1 நிமிடத்தில் தூங்கிவிட்டார்கள். 200 மில்லிகிராம் மோடாஃபினில் எடுத்த பிறகு அது 3.8 நிமிடம் ஆனது. நன்றாகத் தூங்கி எழுந்தவருக்கு இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதாவது மருந்து எடுத்தவர்களும் கடுமையான தூக்கக்கலக்கத்தில்தான் இருந்தார்கள், முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக. கடன்காரன் கதவைத் தட்டும்போது விளக்கை அணைத்துவிட்டு உள்ளே சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பது மாதிரிதான் இது. அன்றைக்குத் தப்பிக்கலாம், கடன் அப்படியே இருக்கும்.

படி 1: தூக்கம் ஏன் வருகிறது என்று முதலில் பாருங்கள்

டாக்டரிடம் போகும் முன் எப்வொர்த் அளவுகோல் என்ற சிறிய கேள்வித்தாளை நிரப்பிப் பாருங்கள். புத்தகம் படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, காரில் ஒரு மணி நேரம் பயணியாக உட்கார்ந்திருக்கும்போது என்று எட்டுச் சந்தர்ப்பங்கள். ஒவ்வொன்றிலும் கண் சொக்க எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 10-க்கு மேல் வந்தால் அது சாதாரணக் களைப்பு இல்லை, பரிசோதிக்க வேண்டிய விஷயம்.

ரத்தசோகை, தைராய்டு குறைவு, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, மனச்சோர்வு இவை எல்லாமே ஆளைத் தூங்க வைக்கும். சளிக்கும் அரிப்புக்கும் எடுக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளும் அப்படித்தான். சர்க்கரை இல்லாத குடும்பத்தை நம் ஆட்களிடையே தேடித்தான் பிடிக்க வேண்டும், அதனால் அந்த ரத்தப் பரிசோதனையை மட்டுமாவது விட்டுவிடாதீர்கள்.

குறட்டை இருந்தால் கதை வேறு. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியாவுக்கு முதல் சிகிச்சை, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவி. மாத்திரை அதற்குத் துணைக்கு மட்டுமே. மூச்சு நிற்பதையோ, ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குவதையோ மோடாஃபினில் தடுக்காது. 2023-இல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது, இரவில் கரண்ட் போய் சிபேப் நின்றுவிடுகிறது, மாத்திரையை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன் என்று சொன்னவர்கள் உண்டு. பகலில் கண் விழித்திருப்பார்கள், இரவில் இதயம் அடி வாங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பணத்துக்குச் சிபேப்புக்கு ஒரு பேட்டரி வாங்குவதுதான் புத்திசாலித்தனம்.

படி 2: டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள்

நம் ஆட்களுக்கு டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் பாதி வரலாறு மறந்துவிடும், மீதிப் பாதியைச் சொல்ல வெட்கம். இந்த மருந்தில் அது ஆகாது. கீழே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

இதயம்: நெஞ்சுவலி, படபடப்பு, மாரடைப்பு, வால்வுக் கோளாறு, இதயச் சுவர் தடித்திருப்பது எதுவானாலும் சொல்லுங்கள். ஐரோப்பிய விதிப்படி, தொடங்கும் முன் ஈசிஜி எடுக்க வேண்டும். பிரஷர் கட்டுக்குள் இல்லாதவருக்கும் இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை உள்ளவருக்கும் இதைத் தரக் கூடாது. டாக்டர் ஈசிஜி பற்றிப் பேசாவிட்டால் நீங்களே மரியாதையாகக் கேளுங்கள். தப்பில்லை.

மனம்: முன்பு மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, சைக்கோசிஸ் (நிஜம் எது, கற்பனை எது என்று பிரித்தறிய முடியாத நிலை) இருந்ததா? அம்மா வழியிலோ அப்பா வழியிலோ யாருக்காவது இருந்ததா? "அத்தைக்குக் கொஞ்சம் நரம்புத் தளர்ச்சி" என்று வீட்டில் மூடி மறைத்துப் பேசும் விஷயமும் இதில் சேர்த்திதான்.

கல்லீரல்: கடுமையான கல்லீரல் நோய் இருந்தால் அளவு பாதியாகக் குறையும். மது குடிக்கும் பழக்கத்தை உள்ளபடி சொல்லுங்கள்.

மற்ற மருந்துகள்: இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். மோடாஃபினில் கல்லீரலில் உள்ள சில நொதிகளை வேகப்படுத்தும், சிலவற்றைத் தடுக்கும். அதனால் சில மருந்துகள் ரத்தத்தில் குறைந்துபோகும், சில கூடிவிடும். சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் குறையும், உறுப்பை உடல் நிராகரிக்கும் அபாயம் வரும். வலிப்புக்கான ஃபெனிடோயின், பதற்றத்துக்கான டயசிபாம், பிரஷருக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் புரோப்ரனலோல் ஆகியவை கூடலாம். ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். மறுபக்கத்தில், காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான கார்பமசிபைனும் மோடாஃபினிலின் பலத்தையே குறைத்துவிடும். காசநோயும் எச்ஐவியும் அதிகமுள்ள க்வாசூலு-நட்டாலில் இது புத்தகத்தில் மட்டும் இருக்கும் விஷயம் இல்லை. எச்ஐவிக்கான ஏஆர்வி மருந்து எடுப்பவர்கள் கிளினிக்கில் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்தின் அளவு ரத்தத்தில் இறங்க விடவே கூடாது.

ஊரிலிருந்து வரும்போது அண்ணி கொடுத்தனுப்பிய லேகியம், சூரணம், ஆன்லைனில் வாங்கிய மூலிகை மாத்திரை, எல்லாவற்றின் டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

படி 3: சீட்டோடு மட்டுமே வாங்குங்கள்

தென்னாப்பிரிக்காவில் மோடாஃபினில் அட்டவணை 5 மருந்து. டாக்டர் சீட்டு இல்லாமல் எந்த மருந்தாளுநரும் தரக் கூடாது. நார்கோலெப்ஸி, மருத்துவக் காப்புத் திட்டங்கள் கட்டாயமாக ஏற்க வேண்டிய நாட்பட்ட நோய்களின் பட்டியலில் இல்லை. அதனால் உங்கள் திட்டம் செலவை ஏற்குமா, எந்தப் படிவம் கேட்கும் என்பதை முதல் மாதச் செலவுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சென்னையிலிருந்து வரும் யாராவது பெட்டியில் பத்து அட்டை போட்டுக்கொண்டு வருவது, வாட்ஸ்அப்பில் யாரோ விற்பது, இந்த இரண்டு வழியும் வேண்டாம். போலி மருந்து என்ற பயம் ஒருபக்கம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அந்த வழியில் வாங்குபவரின் பிரஷரை யாரும் பார்ப்பதில்லை, மற்ற மருந்துகளை யாரும் கேட்பதில்லை என்பதுதான். நீங்களே இந்தியாவுக்கோ மொரிஷியஸுக்கோ போவதானால், மாத்திரையை அதன் சொந்தப் பெட்டியிலேயே, சீட்டின் நகலோடும் டாக்டர் கடிதத்தோடும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: எப்போது, எப்படி எடுப்பது

வழக்கமான அளவு ஒரு நாளைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம். வயதானவர்களுக்கு டாக்டர் இதைவிடக் குறைவாகத் தொடங்கலாம். 400 மில்லிகிராம் எடுத்தால் கூடுதல் பலன் வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. "ஒன்று போதவில்லை, இன்னொன்று போட்டுக்கொண்டேன்" என்பது வீண்.

நார்கோலெப்ஸி, ஸ்லீப் ஆப்னியா என்றால் காலையில் எழுந்ததும். இரவு ஷிஃப்ட் என்றால் வேலை தொடங்க ஒரு மணி நேரம் முன். ஏழு மணி டியூட்டிக்கு ஆறு மணி. சாப்பாட்டோடும் எடுக்கலாம், வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். ஆனால் சாப்பாட்டோடு எடுத்தால் வேலை செய்யத் தொடங்குவது சுமார் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்கு வரும்.

இதன் அரை ஆயுள் சுமார் 15 மணி நேரம். மாலை ஆறுக்குப் போட்டால் மறுநாள் காலை ஒன்பதுக்கும் பாதி உடம்பிலேயே இருக்கும். காலை மாத்திரையை மறந்துவிட்டு மதியம் ஞாபகம் வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் இரண்டாகச் சேர்த்து எடுக்கவும் கூடாது. இரவு ஷிஃப்ட்காரர்கள் பகலில் தூங்குவதற்கு வழி செய்துகொள்ளாமல் இந்த மாத்திரையைத் தொடங்காதீர்கள். கனமான திரை வேண்டும், போன் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். பதினோரு மணிக்கு நலம் விசாரிக்க போன் செய்யும் மாமியிடம் மாலையில் பேசுகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். டர்பன் ஜனவரி வெயிலில் மின்விசிறியும் வேண்டும்.

மதுவோடு சேர்க்க வேண்டாம். காபி, எனர்ஜி டிரிங்க் இரண்டையும் குறைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று வருபவர்களிடம் விசாரித்தால், மாத்திரைக்கு மேல் மூன்று காபி குடித்திருப்பார்கள். ஏதாவது சூடாகக் குடித்தே ஆக வேண்டும் என்றால் இந்த ஊரில் ரூய்போஸ் மூலிகைத் தேநீர் இருக்கவே இருக்கிறது, அதில் கஃபீன் கிடையாது.

படி 5: முதல் ஐந்து வாரம் தோலைக் கவனியுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் படித்துக் காட்டுங்கள்.

மோடாஃபினில் மிக அரிதாக ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி என்ற கடுமையான தோல் எதிர்விளைவைக் கொண்டுவரும். தோலும் வாயின் உள்பக்கமும் கண்ணும் புண்ணாகி, தோல் உரியத் தொடங்கும், உயிருக்கே ஆபத்தாகும். இப்படிப்பட்ட கடுமையான தடிப்புகள் ஏறக்குறைய எல்லாமே மருந்து தொடங்கிய முதல் வாரத்துக்கும் ஐந்தாவது வாரத்துக்கும் இடையில் வந்தவை. அதற்குப் பிறகு வராது என்று உத்தரவாதம் இல்லை. குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில் 1,585 பேரில் 13 பேர் தடிப்பு வந்து மருந்தை நிறுத்த வேண்டியிருந்தது. குழந்தைகளின் கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறான ஏடிஎச்டி-க்கு இதை அனுமதிக்க எஃப்டிஏ 2006-இல் மறுத்ததற்கு இந்தக் கவலை முக்கியக் காரணம். எனவே பெரியவருக்கு எழுதிய மாத்திரையைப் பிள்ளைக்குப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பேச்சே வேண்டாம்.

ஆரம்ப அறிகுறிகள் காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல், உடல் வலி. ஃப்ளூ மாதிரியே இருக்கும். அப்புறம் தடிப்பு, கொப்புளம், வாய்ப்புண். நம் தோல் நிறத்தில் அது சிவப்பாகத் தெரியாமல் கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ தெரியலாம். தோலைத் தொட்டால் வலிப்பது ஒரு முக்கியமான அடையாளம்.

தமிழ்க் குடும்பங்களில் ஒரு தனி ஆபத்து உண்டு. காய்ச்சலும் உடம்பெல்லாம் கொப்புளமும் ஒன்றாக வந்தால் பாட்டிமார் உடனே "அம்மை போட்டிருக்கிறது" என்று சொல்லி வேப்பிலையை விரித்து, ஊசி மருந்து எதுவும் கூடாது என்று வீட்டிலேயே படுக்க வைத்துவிடுவார்கள். அம்மனிடம் வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் மோடாஃபினில் எடுப்பவருக்கு இப்படி வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றே, அந்த மணி நேரமே, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்துப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். மருந்தால்தான் வந்தது என்று உறுதியானால் வாழ்நாள் முழுவதும் அந்த மருந்தை மறுபடி தொடக் கூடாது.

முகம், உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு விட, விழுங்கச் சிரமப்பட்டாலோ காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112. காய்ச்சலோடு நெறிகட்டி, கண் மஞ்சளானாலும் அன்றைக்கே டாக்டர்.

படி 6: மனதில் வரும் மாற்றம்

இது எடுப்பவருக்கே தெரியாமல் வரும் என்பதால், கூட இருப்பவர்தான் கண்காணிக்க வேண்டும். பதற்றம், எரிச்சல் கொஞ்சம் வருவது சகஜம். ஆனால் தூங்காமலேயே அளவுக்கு மீறிய உற்சாகம், நிற்காத பேச்சு, கண்டபடி செலவு, யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற சந்தேகம், இல்லாத குரல் கேட்பது, சாக வேண்டும் என்ற எண்ணம் இவற்றில் எது தலைகாட்டினாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். முன்பு எந்த மனநோயும் இல்லாதவருக்கும் இது வந்திருக்கிறது.

கோவிலில் சாமி வருவதை நம் ஊரில் யாரும் நோயாகப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. புதிதாக ஒரு விழிப்பு மருந்து தொடங்கிய ஆள் நடு இரவில் வீட்டில் உட்கார்ந்து குரல் கேட்கிறது என்றால் அதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். சாக வேண்டும் போல இருக்கிறது என்றால், மனநல உதவி அமைப்பான சாடாக்கின் இலவச எண் 0800 567 567-க்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

படி 7: அன்றாடத் தொல்லைகள்

ஆய்வுகளில் அதிகம் வந்தது தலைவலி. மருந்து எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு. ஆனால் வெறும் டம்மி மாத்திரை எடுத்தவர்களிலும் 23 சதவீதம் பேருக்குத் தலைவலி வந்தது, அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குமட்டல் 11 சதவீதம், டம்மியில் 3. பதற்றமும் தூக்கமின்மையும் தலா 5 சதவீதம், டம்மியில் தலா 1.

தலைவலிக்குத் தண்ணீர் குடியுங்கள், தேவையானால் பனாடோ போன்ற வெறும் பாரசிட்டமால். கிராண்ட்பா பொடியைப் பிரித்து வாயில் கொட்டிக்கொள்வது இந்த ஊர்ப் பழக்கம். அதில் ஆஸ்பிரினும் பாரசிட்டமாலும் இருப்பதோடு கஃபீனும் இருக்கிறது. விழிப்பு மாத்திரைக்கு மேல் அது வேண்டாம். குமட்டலுக்கு மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுத்துப் பாருங்கள். பசி குறைந்து எடை இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிரஷரை முதல் மாதம் வாரம் ஒரு தடவையாவது பாருங்கள். பெரிய மருந்துக் கடைகளில் உள்ள கிளினிக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம். நெஞ்சுவலி, மயக்கம், தாறுமாறான துடிப்பு என்றால் அவசர சிகிச்சைதான்.

தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்கள் கவனத்துக்கு: ஒருவேளைச் சாப்பாடு, கொளுத்தும் வெயில், வெறும் காலில் நடை. இதோடு இந்த மாத்திரையும் சேர்ந்தால் தலைவலியும் தலைசுற்றலும் உறுதி. விரதம் தொடங்கும் முன் டாக்டரிடம் பேசுங்கள். விரதத்திலும் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

படி 8: பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

சீட்டு எழுதும் இடத்திலேயே சொல்லப்பட வேண்டிய இதைப் பலர் என் கவுண்டரில்தான் முதல் தடவை கேட்கிறார்கள். மோடாஃபினில் ஹார்மோன் கருத்தடையின் பலத்தைக் குறைத்துவிடும். தினசரி மாத்திரை, கையில் வைக்கும் இம்ப்ளான்ட், தோலில் ஒட்டும் பட்டை எல்லாமே இதில் அடக்கம். ஊசியையும் இந்த எச்சரிக்கையில் சேர்த்தே அமெரிக்க மருந்துக் குறிப்பு சொல்கிறது. கிளினிக்கில் போடும் இம்ப்ளான்ட்டை நம்பி மூன்று வருடம் கவலையில்லை என்று இருப்பவர் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹார்மோன் அவசரக் கருத்தடை மாத்திரையையும் நம்ப முடியாது. ஹார்மோன் இல்லாத காப்பர் லூப்பை இது பாதிக்காது. ஆணுறையும் அப்படியே.

இன்னொன்று, மாத்திரையை நிறுத்திய பிறகும் இந்த விளைவு உடனே போகாது. அமெரிக்கக் குறிப்பு ஒரு மாதம் என்கிறது, ஐரோப்பியக் குறிப்பு இரண்டு மாதம் என்கிறது. இரண்டில் நீளமானதைப் பின்பற்றுங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்கக் கர்ப்பப் பதிவேட்டின் இடைக்காலத் தகவலை வைத்து 2019-இல் கனடா சுகாதாரத் துறை எச்சரிக்கை விட்டது. கர்ப்பத்தில் இந்த மருந்து எடுத்தவர்களின் குழந்தைகளில் 17.3 சதவீதம் பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடுகள். பொதுவாக அது 3 சதவீத அளவில்தான் இருக்கும். பிரிட்டன் 2020-இல் சுமார் 15 சதவீதம் என்று எச்சரித்தது. எண்ணிக்கை சிறியது, எல்லா ஆய்வும் ஒரே மாதிரி சொல்லவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் குழந்தைக்கு முயற்சி செய்பவர்கள் மாத்திரையை நிறுத்தும் திட்டத்தை டாக்டரோடு முன்கூட்டியே போட வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போனால் அன்றைக்கே சோதித்துப் பாருங்கள். பாலூட்டும்போதும் இது வேண்டாம்.

படி 9: ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு

மேலே சொன்ன 2005 ஆய்வில், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் விபத்தோ மயிரிழையில் தப்பியதோ நடந்ததாகச் சொன்னவர்கள் மருந்து எடுத்தவர்களில் 29 சதவீதம், எடுக்காதவர்களில் 54 சதவீதம். மருந்து உதவுகிறது, சரி. ஆனால் மருந்தோடும் பத்தில் மூன்று பேர். காலை ஏழரைக்கு என்2 நெடுஞ்சாலையில் சாட்ஸ்வொர்த் பக்கம் நகரும் நெரிசலில் அந்தப் பத்துப் பேரும் நம்மோடுதான் இருக்கிறார்கள்.

முதல் சில நாட்கள், மருந்து உங்களை எப்படி ஆக்குகிறது என்று தெரியும்வரை வண்டி ஓட்டாதீர்கள். பிறகும், இமை கனத்தால் ஓரமாக நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள். ஜோகன்னஸ்பர்க் வரை சுமார் 570 கிலோமீட்டர். ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு ராத்திரியே ஓட்டிவிடலாம் என்று கல்யாணத்துக்குக் கிளம்பும் மாப்பிள்ளைகளுக்கு இது எழுதப்பட்ட மருந்தே இல்லை.

ஓடுபவர்களுக்கு ஒரு வார்த்தை

டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே 1921 முதல் நடக்கும் காம்ரேட்ஸ் ஓட்டத்துக்கு நம் ஆட்கள் பலர் பயிற்சி எடுக்கிறார்கள். உலக ஊக்கமருந்து எதிர்ப்பு அமைப்பின் பட்டியலில் மோடாஃபினில் போட்டி நேரத்தில் தடை செய்யப்பட்ட ஊக்கி. 2003 உலகத் தடகளப் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற கெல்லி வைட் இந்த மருந்தில்தான் சிக்கினார். உண்மையான நோய்க்காக எடுப்பவர், தென்னாப்பிரிக்க ஊக்கமருந்தற்ற விளையாட்டு நிறுவனத்திடம் சிகிச்சை விலக்குக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

படி 10: நிறுத்துவதும் மீதியைத் திருப்புவதும்

ஒன்பது வாரம் எடுத்தவர்களிடம் மருந்தை நிறுத்திப் பார்த்தபோது தனியான விலகல் அறிகுறிகள் தெரியவில்லை, நார்கோலெப்ஸிக்காரர்களுக்குத் தூக்கம் மட்டும் திரும்பியது. ஆனாலும் இதற்குப் பழகிப்போய் அளவைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் உண்டு. தானாகவே இரண்டாவது மாத்திரை எடுக்கத் தொடங்கியிருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய நேரம் அது. மாத்திரையை நிறுத்தினால், அது கூட்டியோ குறைத்தோ வைத்திருந்த மற்ற மருந்துகளின் அளவும் மறுபடி மாறும். வார்ஃபரின், வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்குப் புதிய ரத்தப் பரிசோதனை தேவைப்படும். ஷிஃப்டிலிருந்து பகல் வேலைக்கு மாறிவிட்டால் மருந்து இன்னும் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள், பழைய சீட்டு ஓடுகிறது என்பதற்காகத் தொடர வேண்டாம்.

அளவுக்கு மீறி எடுத்துவிட்டாலோ, குழந்தை விழுங்கிவிட்டாலோ விஷத் தகவல் உதவி எண் 0861 555 777. பக்கவிளைவு வந்தால் மருந்தாளுநரிடம் சொல்லுங்கள், அல்லது மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான சாப்ராவின் மெட் சேஃப்டி செயலியில் நீங்களே பதியலாம்.

மிச்ச மாத்திரைகளைக் குப்பையிலும் போடாதீர்கள், கழிப்பறையிலும் கொட்டாதீர்கள். கடையில் திருப்பிக் கொடுத்தால் நாங்கள் அழித்துவிடுவோம். முக்கியமாக, அக்டோபரில் மெட்ரிக் பரீட்சை நெருங்கும்போது பக்கத்து வீட்டுப் பையன் "அண்ணா, ஒன்றே ஒன்று" என்று கேட்பான். அட்டவணை 5 மருந்தை அப்படிக் கொடுப்பது சட்டப்படி தவறு. அவனுடைய இதயத்தைப் பற்றியோ அவன் எடுக்கும் வேறு மருந்துகளைப் பற்றியோ உங்களுக்கு எதுவும் தெரியாது. அவனை ராத்திரி பத்து மணிக்குப் படுக்கச் சொல்லி அனுப்புங்கள்.